தேநீர் சரியாக வராதபோது: இலைத் தேயிலைக்கான பிழை நீக்கும் வழிமுறை

வார இறுதியில் உறவினர் வீட்டுக்குப் போனால், பேச்சு தொடங்குவதற்கு முன்பே, "இந்தத் தேயிலையை என்ன செய்தும் சரியாக வரவில்லை, கொஞ்சம் பாருங்கள் அண்ணே" என்று யாராவது ஒரு டின்னை நீட்டுவது எனக்குப் பழகிப்போய்விட்டது. சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு வீடு, ஜூரோங்கில் ஒரு வீடு என்று பல ஆண்டுகளாகப் பார்த்ததில், தேயிலைமீது குற்றம் இருந்த வீடுகள் மிகச் சில. ஊறவைத்த நேரம், நீரின் சூடு, டின்னை வைத்திருந்த இடம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும். ஆகையால், ஒவ்வொரு குறைக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும், புதிதாக வாங்க வேண்டியதையோ ஆளை அழைக்க வேண்டியதையோ கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் குறைக்கு உரிய தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஆனால் சோதனைக் கோப்பையை மட்டும் எல்லாரும் முதலில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒரு சோதனைக் கோப்பை

200 மில்லிலிட்டர் நீருக்கு 2.5 கிராம் தேயிலை. பால், சர்க்கரை, இஞ்சி எதுவும் வேண்டாம். கறுப்புத் தேயிலையானால் கொதித்துக்கொண்டிருக்கும் நீரை ஊற்றி 4 நிமிடம். ஊலோங் என்னும் சீன வகை என்றால் ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ் நீரில் 3 நிமிடம். பச்சைத் தேயிலையானால் 80 பாகைக்கு அருகில் 2 நிமிடம். நேரத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். "கண்மதிப்பில் நாலு நிமிடம்" என்று சொன்னவர்களின் நாலு நிமிடம் எட்டு நிமிடமாக இருந்ததை நான் கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன்.

சமையலறைத் தராசு முழுக் கிராமை மட்டுமே காட்டுமானால், 10 கிராமை நிறுத்து, ஒரு தட்டில் கொட்டி, நான்கு சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2.5 கிராம். தேக்கரண்டியை நம்ப வேண்டாம். இலங்கையின் நுவரெலியாவிலிருந்து வரும் உடைந்த இலையில் தட்டையாக ஒரு கரண்டி எடுத்தால் அளவு ஓரளவு சரியாக இருக்கும். பஞ்சுபோல் விரிந்த வெள்ளைத் தேயிலையில் அதே கரண்டி ஒரு கிராமைக்கூட எட்டாமல் போகலாம்.

தேயிலைச் சுவைஞர்களுக்கென்று ஐஎஸ்ஓ 3103 என்னும் அனைத்துலக அளவுமுறை ஒன்று உண்டு: 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம், 6 நிமிடம். அது இலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காக வகுக்கப்பட்டது. அப்படிப் போட்டுவிட்டுக் கடுமையாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமன்று.

சோதனைக் கோப்பை நன்றாக வந்தால் தேயிலையும் நீரும் நன்றாகவே உள்ளன. பிழை உங்கள் அன்றாடச் செய்முறையில் இருக்கிறது. நன்றாக வரவில்லையென்றால் கீழே தொடருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். சூட்டையும் நேரத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால், எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

குறை 1: கசக்கிறது, அல்லது வாயை இழுக்கிறது

கசப்பும் துவர்ப்பும் வேறு வேறு என்பது நம் நாக்குக்குத் தெரியும். வாழைப்பூவையும் பாகற்காயையும் ஒன்றென்று யாரும் சொல்வதில்லை. தேநீர் விஷயத்தில் மட்டும் இரண்டையும் "கசக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

நாக்கின் அடியில் கசப்பு தங்கினால்

பச்சைத் தேயிலையில் இக்குறை வந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நீரின் சூடுதான் காரணம் என்று தயங்காமல் சொல்வேன். வெப்பமானி வேண்டியதில்லை. சிங்கப்பூரில் குழாய்நீர் ஏறக்குறைய 28 பாகையில் வருகிறது. அதைக் கொதிக்கவைக்காமலே குடிக்கலாம் என்பதால் நமக்கு ஒரு வசதி. மூன்று பங்கு கொதிநீரோடு ஒரு பங்கு குழாய்நீரைக் கலந்தால் ஏறத்தாழ 82 பாகை கிடைக்கும். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்றால் 76 பாகை. முதல் கலவையில் தொடங்கி, இன்னும் கசந்தால் இரண்டாவதற்கு மாறுங்கள். அதிலும் கசந்தால் நேரத்தை ஒன்றரை நிமிடமாகக் குறையுங்கள்.

ஈறும் நாக்கும் வறண்டு இழுத்தால்

இது துவர்ப்பு, கறுப்புத் தேயிலையில் மிகுதியாகக் காண்பது. முதற்காரணம் நேரம். கடுமையான தேநீர் வேண்டும் என்பவர்கள் அதே அளவு இலையை இன்னும் சில நிமிடங்கள் கிடக்கவிடுகிறார்கள்; கிடைப்பது கடுமை அன்று, துவர்ப்பு. நேரத்தை நான்கு நிமிடத்திலேயே நிறுத்திவிட்டு இலையை 2.5 கிராமிலிருந்து 3.5 கிராமுக்குக் கூட்டிப் பாருங்கள். நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்தோடு வேலை முடிந்திருக்கிறது.

அடுத்த காரணம் டின்னின் அடித்தூள். டின் காலியாக ஆக, உடைந்து நொறுங்கிய தூள் அடியில் சேர்கிறது. தூள் இலையைவிட மிக விரைவாகச் சாயத்தை விட்டுவிடும். "முதல் இரண்டு வாரம் நன்றாக இருந்தது, இப்போது கடுக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் நேராக டின்னைத்தான் கவிழ்த்துப் பார்ப்பேன். மாச்சல்லடையில் ஒரு தடவை சலித்து, தூளைத் தனியே வைத்துப் பால் தேநீருக்குப் பயன்படுத்துங்கள்.

கையால் பிழிவதும் ஒரு காரணம். வடிகட்டியில் தங்கிய சக்கையைக் கரண்டியால் அழுத்தி, கடைசிச் சொட்டையும் எடுக்கும் பழக்கம் காப்பிக்கடைத் துணி வடிகட்டியைப் பார்த்து வந்திருக்கலாம். இலைத் தேயிலையில் அந்தக் கடைசிச் சொட்டுதான் முழுக் கோப்பையையும் கெடுக்கிறது.

முதல் கோப்பை நன்றாக இருந்து, இரண்டாவது கசந்தால்

தேநீர்க் கெண்டிக்குள் இலை இன்னும் கிடக்கிறது. நீங்கள் முதல் கோப்பையைக் குடித்து முடிப்பதற்குள் மீதி நீர் பதினைந்து நிமிடம் ஊறிவிட்டது. எத்தனை கோப்பை வேண்டுமோ அத்தனைக்கு மட்டும் நீர் ஊற்றி, நேரம் ஆனதும் முழுவதையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஊலோங்கிலும் பூ-அர் என்னும் சீனத் தேயிலையிலும் அதே இலையில் மூன்று நான்கு தடவை நீர் ஊற்றலாம்; ஒவ்வொரு தடவையும் கெண்டி முற்றிலும் வடிந்திருக்க வேண்டும் என்பது அங்கே இன்னும் கண்டிப்பான விதி.

இவை எல்லாவற்றையும் சரிசெய்தும் கசந்தால், அந்தத் தேயிலையின் இயல்பே அது. குளிர்ந்த நீரில் ஊறவைத்து ஒரு கடைசி வாய்ப்புக் கொடுங்கள்: ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம், மூடி, குளிர்பதனப் பெட்டியில் 8 மணி நேரம். சூடான நீரில் குடிக்க முடியாத பச்சைத் தேயிலைகள் சில இப்படி இனிமையாக வருவதுண்டு. அதிலும் தேறாவிட்டால் அப்போது வேறு தேயிலை வாங்கலாம்.

குறை 2: சப்பென்று இருக்கிறது

நிறமும் இல்லை, சுவையும் இல்லை

நம் வீடுகளில் இதற்கு முதல் காரணம், வெந்நீரை நாள் முழுதும் சூடாக வைத்திருக்கும் தெர்மோபாட். காலையில் ஒரு தடவை கொதித்த நீர் அதன்பின் 90 பாகையிலோ அதற்குக் கீழோ நிற்கிறது. குளிர்ந்த கெண்டியில் ஊற்றியதும் இன்னும் பல பாகை இறங்கிவிடுகிறது. கறுப்புத் தேயிலைக்கு அது போதாது. மறுகொதிப்புப் பொத்தானை அழுத்தி, கொதித்ததும் உடனே ஊற்றுங்கள். அதற்கு முன் கெண்டியைக் கொஞ்சம் வெந்நீரால் அலசிக் கொட்டிவிடுங்கள். ஒரு தடவை கொதித்த நீரை மறுபடி கொதிக்கவைத்தால் உயிர்வளி போய்த் தேநீர் சப்பிட்டுவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கரைந்திருந்த காற்று முதல் கொதியிலேயே பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. இரு கோப்பைகளையும் அடையாளம் தெரியாமல் வைத்துக் குடித்துப் பார்த்தேன். எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இரண்டாவது காரணம், சங்கிலி கோத்த சிறிய கம்பிவலை உருண்டை. காய்ந்த இலை நீரில் பல மடங்கு விரிகிறது. உருண்டைக்குள் அதற்கு இடமில்லை. ஊறிய பிறகு உருண்டையைத் திறந்து பாருங்கள்: நடுவிலுள்ள இலை இன்னும் சுருண்டும் இறுகியும் இருந்தால் காரணம் அதுதான். இலையைக் கெண்டியில் நேரே போட்டு, ஊற்றும்போது சாதாரண வடிகட்டியைப் பிடித்தால் செலவே இல்லை. கோப்பைக்குள் இறங்கும் அகலமான கூடை வடிகட்டி வாங்கினாலும் சில சிங்கப்பூர் வெள்ளிதான் ஆகும்.

நிறம் இருக்கிறது, மணம் இல்லை

இலை பழையது, அல்லது காற்றிலும் ஈரத்திலும் கிடந்தது. சிங்கப்பூரின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்பது. இங்கே கிளிப் போட்டு மடித்த உறை தேயிலைக்குப் பாதுகாப்பன்று.

ஓர் இலையை விரலிடையே நெரித்துப் பாருங்கள். சருகுபோல் நொறுங்கினால் ஈரம் ஏறவில்லை. வெறும் வயதுதான் காரணம். வளைந்து, நொறுங்க மறுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது. அப்படியானால் ஒரு வெறும் வாணலியை மிகச் சிறிய தீயில் வைத்து, இலையைப் பரப்பி, இரண்டு மூன்று நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். மணம் எழும்பத் தொடங்கியதும் இறக்கி, நன்றாக ஆறிய பிறகே டின்னில் இடுங்கள். முதல்தர டார்ஜிலிங் இதனால் மீளாது. நாள்தோறும் குடிக்கும் இலங்கைத் தேயிலையோ நீலகிரித் தேயிலையோ பெரும்பாலும் மீண்டுவிடும். வெள்ளைப் பூஞ்சையோ புழுக்க நாற்றமோ தெரிந்தால் வறுத்துப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இறுக்கமான மூடியுள்ள, ஒளி புகாத இரண்டு டின்களை வைத்துக்கொள்வது நல்லது: பெரியதை மாதம் இரண்டு தடவைக்கு மேல் திறக்காமல், சிறியதில் இரண்டு வாரத்துக்கு உரியதை எடுத்துப் புழங்கலாம். குளிர்பதனப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். வெளியே எடுத்துத் திறந்த கணமே நம் வெப்பக் காற்றின் ஈரம் குளிர்ந்த இலைமீது படிந்துவிடும். தேக்கா வட்டாரத்தில் எடைபோட்டுத் தரும் கடைகளில் வாங்கினால் அரைக் கிலோவுக்குப் பதில் 100 கிராமாக வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் கொட்டுவது குறையும்.

சரபத் கடைச் சுவை வரவில்லை

இது குறையே அன்று. சரபத் கடை என்னும் பானக் கடையில் பயன்படுவது தூள் தேயிலை. கொதிநீரில் நெடுநேரம் கிடந்து கடுத்த சாயத்தை இனிப்பான கெட்டிப்பால் தாங்கிப் பிடிக்கிறது, ஆற்றுவதில் நுரை வருகிறது. முழு இலைத் தேயிலையை எப்படிப் போட்டாலும் அந்த ஆற்றிய பால் தேநீர், அதாவது தே தாரிக், ஆகாது. அந்தச் சுவை வேண்டுமானால் தூளை வாங்குங்கள், அல்லது கீழே இறங்கிக் கடைக்கே போய்விடுங்கள்.

குறை 3: தேயிலை மணத்துக்குப் பதில் வேறு மணம் வருகிறது

காய்ந்த இலையை முதலில் முகர்ந்து பாருங்கள். அதிலேயே சாம்பார்ப்பொடியோ சாம்பிராணியோ மணந்தால் டின்னின் இடம் தவறு. தேயிலை அக்கம்பக்கத்து மணத்தை இழுத்துக்கொள்ளும். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் பூசை அறையின் பக்கமும் அதற்கு ஆகாத இடங்கள். ஏறிய மணத்தை எடுக்க வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஏலக்காய் போட்டு மசாலாத் தேநீராகத் தீர்த்துவிடலாம்.

காய்ந்த இலை நன்றாக மணந்து, கோப்பையில் மட்டும் குறை என்றால், தேயிலை இல்லாமல் வெறும் கொதிநீரை அதே கோப்பையில் ஊற்றி முகருங்கள். சோப்பு மணம் என்றால் பாத்திரம். பளபளப்புப் பூச்சு இல்லாத சீனக் களிமண் கெண்டியைச் சோப்பால் கழுவவே கூடாது. கழுவிவிட்டிருந்தால் நீர் மாற்றி மாற்றிக் கொதிநீரில் சில தடவை ஊறப்போடுங்கள். துணி வடிகட்டியையும் சோப்பில்லாமல் நீரில் கொதிக்கவைத்துக் காயப்போட வேண்டும்.

மருந்து வாடை என்றால் நீர். காலையில் முதலில் வரும் நீர் இரவெல்லாம் குழாயில் தேங்கியது; ஒரு நிமிடம் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலை நிரப்புங்கள். நமக்கு நீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் நீரைத் தூய்மையாக வைக்கக் குளோரமின் சேர்க்கிறது. உடலுக்குத் தீங்கில்லை, ஆயினும் வெறும் குளோரினைப்போல் ஓரிரவு திறந்து வைப்பதால் அது எளிதில் போய்விடாது. மென்மையான பச்சைத் தேயிலையில் அது உண்மையிலேயே தொல்லை தருகிறது என்றால் கரி வடிகட்டியுள்ள கூஜா உதவும். வடிகட்டியைக் காலம் தவறாமல் மாற்றுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். புதுக் கேத்தலின் பிளாஸ்டிக் வாடைக்கு எலுமிச்சைத் தோல் போட்டு இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்துக் கொட்டினால் போதும்.

குறை 4: மைபோல் கருக்கிறது, உலோகச் சுவை அடிக்கிறது

தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநீல நிறம் வரும். அக்காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுதும் மை செய்ததும் இதே வழியில்தான். ஆகவே இரும்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். உட்பூச்சு இல்லாத இரும்புக் கெண்டி, துருப்பிடித்த வடிகட்டி, அடிப்பகுதியில் பழுப்புப் புள்ளி விழுந்த கேத்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் சோதனைக் கோப்பையைப் போட்டுப் பாருங்கள்.

அப்போதும் கருத்தால், விடிந்ததும் வரும் முதல் நீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்து, சில நிமிடம் ஓடவிட்டதும் தெளிந்தால், பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வீட்டுக்குள் ஓடும் குழாயே துருப்பிடித்திருக்கக்கூடும். இது நாம் கைவைக்கும் வேலையன்று. உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள். தெளியவே இல்லை என்றாலோ, பக்கத்து வீட்டிலும் அதே நிறம் என்றாலோ, உங்கள் குழாயைப் பெயர்க்க வேண்டாம். நகர மன்றத்துக்கோ பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கோ தெரிவியுங்கள். தெளியும்வரை அந்த நீரில் தேநீர் போடாதீர்கள்.

குறை 5: மேலே படலம், அல்லது கலங்கல்

கோப்பையின் மேல் பளபளக்கும் மெல்லிய படலம், நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் தேயிலையும் சேர்ந்து உண்டாவது. சிங்கப்பூர்க் குழாய்நீர் அவ்வளவு கடினமானதன்று என்பதால், இங்கே படலம் தெரிந்தால் புட்டியில் வாங்கிய தாதுநீரையோ கேத்தலின் அடியில் படிந்த வெண்படிவையோ முதலில் சந்தேகியுங்கள். தாதுநீரை விட்டுக் குழாய்நீருக்கு மாறுங்கள். படிவுக்கு அரை லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து கொதிக்கவைத்து, கால் மணி நேரம் விட்டு அலசுங்கள். எலுமிச்சை பிழிந்து குடிப்பவர்களுக்குப் படலம் தானே கலைந்துவிடும்.

ஐஸ் போட்டதும் கலங்கினால் அது அழுக்கு அன்று. கடுமையான தேநீர் குளிரும்போது அதன் பொருள்கள் ஒன்றுகூடித் திரள்கின்றன. கொஞ்சம் வெந்நீர் ஊற்றினால் தெளியும். விருந்தினருக்குத் தெளிவான ஐஸ் தேநீர் வேண்டுமானால், முன்பு சொன்ன குளிர்நீர் ஊறலைக் கையாளுங்கள்.

குறை 6: பால் திரிகிறது

ஒரு கரண்டிப் பாலைத் தனியே கொதிக்கவையுங்கள். திரிந்தால் பால் கெட்டது. இந்த வெப்பத்தில் பல மணி நேரம் மேசைமீது நின்ற பாலுக்கு அது வியப்பன்று.

தனியே திரியவில்லையா? இஞ்சி போட்டீர்களா என்று பாருங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது செயலற்றுப்போகும். தட்டிய இஞ்சியை முதலில் நீரில் மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, தேயிலையைப் போட்டு வடித்து, கடைசியில் பாலைச் சேருங்கள். பாலையும் இஞ்சியையும் சேர்த்தே அடுப்பில் வைப்பவர்களுக்கு ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் திரியும். அவர்கள் பால் நிறுவனத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வெல்லம் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்துச் சற்று ஆறியபின் சேருங்கள். எலுமிச்சைக்கும் பாலுக்கும் சமாதானம் கிடையாது.

குறை 7: நீர் கொதிப்பதில்லை, அல்லது கொதித்தும் கேத்தல் நிற்பதில்லை

நிற்காமல் கொதித்தால் மூடியைப் பாருங்கள். நீராவி பட்டதும் அணையும் விசைதான் பெரும்பாலான மின்கேத்தல்களில் இருக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் ஆவி அங்கே போய்ச் சேராது. முற்றிலும் கொதிக்குமுன் அணைந்துவிட்டால் அடியிலுள்ள படிவைக் கரைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கேத்தலைப் போட்டதும் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால், மின்பெட்டியின் விசையைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளாதீர்கள். செருகியைக் கழற்றி, அடித்தட்டில் நீர் சிந்தியிருக்கிறதா என்று பார்த்து, முழுதும் உலரவிட்டு, ஒரே ஒரு தடவை சோதியுங்கள். மறுபடி துண்டித்தால், அதே மின்செருகியிடத்தில் வேறொரு கருவியைச் செருகிப் பாருங்கள். அந்தக் கருவி ஒழுங்காக ஓடினால் பழுது கேத்தலில். அதைத் திருகிப் பிரிக்க வேண்டாம், பழுதுபார்க்கும் கூலியில் புதிது வாங்கிவிடலாம், வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று அடிப்பக்கத்தில் பாருங்கள். அந்தக் கருவிக்கும் துண்டித்தாலோ, செருகியிடம் சூடேறிப் பழுப்பாகியிருந்தாலோ, உரிமம் பெற்ற மின்பணியாளர் வரும்வரை அதைத் தொடாமல், அடுப்பில் பாத்திரத்தை வைத்து நீரைக் கொதிக்கவையுங்கள்.